வொண்டர் வுமனுக்கு ஒரே ஒரு புத்தகம் என்றால் எது?

ஜூன் விடுமுறையின் முதல் வாரம். தொடக்கக் கல்லூரியில் முதலாண்டு படிக்கும் என் சித்தி மகளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது.

"அக்கா, வொண்டர் வுமனுக்கு ஒரே ஒரு காமிக்ஸ் புத்தகம்னா எது? சீக்கிரம் சொல்லுங்கக்கா."

விசாரித்தபோது விவரம் தெரிந்தது. இலக்கிய வகுப்பில் ஒவ்வொருவரும் ஒரு கற்பனைப் பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பாத்திரத்தை நன்கு விளக்கும் ஒரு நூலை வைத்துப் பத்து நிமிடம் பேச வேண்டும். சித்திரக்கதைகளுக்கும் அனுமதி உண்டு. அவளுடைய வகுப்பில் மூன்று பேர் பேட்மேனை எடுத்துவிட்டார்கள். எந்த நூல் என்பதை அவர்கள் ஐந்து நிமிடத்தில் முடிவுசெய்துவிட்டார்களாம். இவள் மட்டும் இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

"ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு சொல்றாங்க. கிடைக்கலன்னா நானும் பேட்மேனுக்கே மாறிடுறேன்."

உயர்நிலை இரண்டிலிருந்து இந்தக் கதைகளைப் படித்து வருபவள் நான். பதில் சொல்ல ஒரு நிமிடம் போதும் என்று நினைத்துத் தட்டச்சு செய்யத் தொடங்கினேன். ஒரு பெயரை எழுதி அழித்தேன். இன்னொன்றை எழுதி, அதையும் அழித்தேன். நான்காவது முறை அழித்தபோதுதான், அவள் கேட்டது சாதாரணக் கேள்வி இல்லை என்பது உறைத்தது.

உலகின் புகழ்பெற்ற சூப்பர் நாயகி அவள். 1941ல் அறிமுகமாகி, ஏறக்குறைய இடைவெளியின்றி இன்றுவரை அவளுடைய கதைகள் வந்துகொண்டிருக்கின்றன. அவளுடைய சின்னத்தைச் சட்டையிலும் பையிலும் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. ஆனால், "இதைப் படி, அவள் யாரென்று புரியும்" என்று எல்லாரும் ஒருமுகமாகக் கைகாட்டும் புத்தகம் எது?

முத்திரைக் கதை என்றால்?

பேட்மேனைப் பற்றிக் கேட்டால் பலரும் முதலில் சொல்வது 'பேட்மேன்: இயர் ஒன்'. ஃபிராங்க் மில்லர் எழுதி, டேவிட் மாசுகெல்லி வரைந்து 1987ல் வந்தது. மொத்தம் நான்கே இதழ்கள். அதற்கு முந்தைய ஆண்டு மில்லர் படைத்த 'த டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்' முதுமையடைந்த பேட்மேனின் கதை. ஒன்று தொடக்கம், மற்றது முடிவு. இரண்டையும் ஒரு வாரயிறுதியில் படித்துவிடலாம்.

சூப்பர்மேனுக்கு கிராண்ட் மோரிசனும் ஃபிராங்க் குவைட்லியும் 2005 முதல் 2008 வரை படைத்த 'ஆல்-ஸ்டார் சூப்பர்மேன்' இருக்கிறது. பன்னிரண்டு இதழ்கள். இறக்கப்போகும் சூப்பர்மேன் எஞ்சிய நாள்களை எப்படிச் செலவழிக்கிறான் என்பதுதான் கதை.

இத்தகைய ஆக்கங்களை முத்திரைக் கதைகள் எனலாம். இவற்றுக்கு மூன்று பொதுக் குணங்கள் உண்டு. முதலாவது, முன்கதை தெரியாதவரும் எடுத்துப் படிக்கலாம். இரண்டாவது, அந்தப் பாத்திரத்தை எடுத்துவிட்டு வேறொரு பாத்திரத்தை வைத்தால் கதை நிற்காது. மூன்றாவது, பின்னால் வரும் எழுத்தாளர்கள் அதை ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் கண்டுகொள்ளாமல் கடந்துபோக முடியாது.

இந்த மூன்று அளவுகோல்களையும் கையில் வைத்துக்கொண்டு நானும் என் தங்கையும் தேடத் தொடங்கினோம்.

உளவியலாளர் உருவாக்கிய நாயகி

வொண்டர் வுமனைப் படைத்தவர் வில்லியம் மோல்டன் மார்ஸ்டன். அமெரிக்க உளவியலாளர். பொய் சொல்லும்போது ரத்த அழுத்தம் மாறுவதை அளந்து ஆராய்ந்தவர். இன்றைய பொய் கண்டறியும் கருவிக்கு அந்த ஆய்வும் ஒரு முன்னோடி. உண்மையை வரவழைக்கும் வழியைத் தேடியவரின் நாயகிக்குப் பின்னாளில் உண்மையைப் பேசவைக்கும் பொற்கயிறு ஆயுதமாக அமைந்தது பொருத்தம்தான். தொடக்கத்தில் அந்தக் கயிறு, கட்டுண்டவரைச் சொன்னபடி கேட்க வைக்கும் கயிறாக இருந்தது.

அவள் முதலில் தோன்றியது 'ஆல் ஸ்டார் காமிக்ஸ்' எட்டாம் இதழில். ஆண்கள் இல்லாத தீவு ஒன்றில் ராணுவ விமானம் ஒன்று விழுகிறது. விமானியைக் காப்பாற்றும் இளவரசி டயானா, போட்டியில் வென்று, அவனைத் திருப்பி அழைத்துச் செல்லும் பொறுப்பைப் பெறுகிறாள். அரசி ஹிப்போலிட்டா களிமண்ணில் பிடித்த உருவத்துக்குத் தெய்வம் உயிர் கொடுத்ததால் பிறந்தவள் அவள் என்ற செய்தி 1942ல் வந்தது. தந்தை என்று ஒருவர் அந்தக் கதையில் இல்லை.

மார்ஸ்டனைச் சுற்றி இருந்த பெண்களின் பங்கும் பெரிது. சூப்பர் நாயகனுக்குப் பதில் நாயகியைப் படைக்கும் யோசனையைத் தந்தவர் அவருடைய மனைவி எலிசபெத் என்று சொல்லப்படுகிறது. அக்குடும்பத்தோடு வாழ்ந்த ஆலிவ் பர்ன் அணிந்திருந்த வளையல்களே நாயகியின் குண்டு தடுக்கும் கைவளைகளுக்கு மாதிரி. மார்ஸ்டனின் மாணவியான ஜோய் ஹம்மல் 1944ல் உதவியாளராகச் சேர்ந்து பல கதைகளைத் தாமே எழுதினார். அச்சில் வந்ததோ மார்ஸ்டனின் புனைபெயர் மட்டும். எழுபது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு, 2018ல்தான் பில் ஃபிங்கர் விருது மூலம் அவருக்குப் பொது அங்கீகாரம் கிடைத்தது.

அப்படியென்றால் மூலக்கதைகளையே முத்திரைக் கதைகளாகக் கொள்ளலாமா? உற்சாகம், நகைச்சுவை, பெண்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் துணிச்சல் எல்லாம் அவற்றில் உண்டு. ஆனால் போர்க்காலத்து அமெரிக்க இதழ்களுக்கே உரிய இன இழிவுச் சித்திரங்களும் உண்டு. ஜப்பானியரை வரைந்திருக்கும் விதத்தை இன்று ஆசியாவில் வாழும் வாசகர் முகம் சுளிக்காமல் பார்க்க முடியாது. நாயகியைச் சங்கிலியால் கட்டிப்போடும் காட்சிகள் அளவுக்கு மீறி வருவதாக அந்தக் காலத்திலேயே கண்டனம் எழுந்தது. வரலாறு அறிய அவற்றைப் படிக்கலாம். முதல் புத்தகமாக ஒருவர் கையில் கொடுக்க எனக்குத் தயக்கம்.

இன்னொரு செய்தி என் தங்கையைச் சிரிக்கவும் கோபப்படவும் வைத்தது. 1942ல் மற்றொரு எழுத்தாளரின் கையில் வொண்டர் வுமன் 'ஜஸ்டிஸ் சொசைட்டி' என்ற நாயகர் குழுவில் சேர்ந்தபோது, அவளுக்குக் கிடைத்த பதவி என்ன தெரியுமா? செயலாளர். ஆண்கள் போருக்குப் போக, அத்தனை பேரையும் தூக்கி வீசக்கூடியவள் குறிப்பெடுக்க உட்கார்ந்தாள்.

சக்தியை இழந்த ஆண்டுகள்

1947ல் மார்ஸ்டன் மறைந்தார். அடுத்து சுமார் இருபது ஆண்டுகளுக்கு ராபர்ட் கனிகர் கதைகளை எழுதினார். 1968ல் விற்பனையைத் தூக்கி நிறுத்த, எழுத்தாளர் டென்னி ஓ'நீலும் ஓவியர் மைக் செக்கோவ்ஸ்கியும் ஒரு பெரிய மாற்றம் செய்தார்கள். டயானா தன் சக்திகளைத் துறந்தாள். நட்சத்திர உடை போய், வெள்ளை நவநாகரிக உடை வந்தது. துணிக்கடை நடத்திக்கொண்டே தற்காப்புக் கலை கற்று உளவாளிகளோடு மோதினாள்.

சாதாரணப் பெண்ணாக இருந்தும் போராடுகிறாள் என்பது முன்னேற்றம் என்று படைத்தவர்கள் கருதினர். பெண்ணுரிமைச் செயற்பாட்டாளர் குளோரியா ஸ்டைனம் அப்படிப் பார்க்கவில்லை. எல்லா நாயகர்களிடமும் சக்தி இருக்க, முதன்மையான நாயகியிடம் மட்டும் ஏன் பறிக்க வேண்டும் என்பதே அவர் தரப்பு. 1972 ஜூலையில் அவருடைய 'மிஸ்' இதழ், நட்சத்திர உடை அணிந்த பழைய வொண்டர் வுமனை அட்டையில் போட்டு, அவளை அதிபராக்குவோம் என்று முழங்கியது. அதே ஆண்டு 1940களின் கதைகளைத் தொகுத்து ஒரு நூலும் வந்தது. ஆக, முத்திரைக் கதை எது என்ற தேடல் நம் தலைமுறையில் தொடங்கியதல்ல. ஸ்டைனத்தின் பதில், அவர் சிறுமியாக இருந்தபோது படித்த கதைகள்.

இந்தக் காலகட்டத்தில் ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. புகழ்பெற்ற அறிவியல் புனைகதை எழுத்தாளர் சாமுவேல் டிலேனி அந்த இதழுக்கு எழுத வந்தார். அவருடைய கதையில் பெண்களுக்குக் குறைந்த சம்பளம் தரும் ஒரு பெருங்கடையை டயானாவும் தோழிகளும் எதிர்க்கிறார்கள். கடை மூடப்படுகிறது. வெற்றி என்று கொண்டாடப்போகும் நேரத்தில், வேலையிழந்த பெண்கள் கோபத்துடன் வாசலில் வந்து நிற்கிறார்கள்.

அடுத்து என்ன? யாருக்கும் தெரியாது. டிலேனி எழுதியது இரண்டே இதழ்கள். அதற்கடுத்த இதழில், 1973ல், கனிகர் திரும்பி வந்தார். சக்திகள் திரும்பி வந்தன. அந்தப் பெண்களின் கேள்வி அப்படியே நின்றுபோனது. முத்திரைக் கதையாக வளர்ந்திருக்கக்கூடிய ஒன்று, பாதியில் மூடிய புத்தகமாகிவிட்டது.

பெரஸ் தந்த புதிய தொடக்கம்

பெரும்பாலான நீண்டகால வாசகர்கள் கைகாட்டும் பெயர் ஜார்ஜ் பெரஸ். டிசி நிறுவனம் தன் கதையுலகை 1980களின் நடுவில் முழுதாக மாற்றியமைத்தபோது, வொண்டர் வுமனைப் புதிதாகத் தொடங்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. 1987ல் முதல் இதழ். ஆசிரியராக இருந்தவர் கேரன் பெர்கர். எழுத்தில் முதலில் கிரெக் பாட்டரும் பிறகு லென் வெய்னும் துணை நின்றார்கள்.

முதல் ஏழு இதழ்கள் சேர்ந்து 'காட்ஸ் அண்ட் மார்ட்டல்ஸ்' என்ற கதை. இதில் அமேசான் பெண்கள் யார் தெரியுமா? ஆண்களின் வன்முறையால் உயிரிழந்த பெண்களின் ஆன்மாக்கள். அவர்களுக்குத் தெய்வங்கள் மறுபிறவி தருகின்றன. டயானா அமெரிக்காவுக்கு வரும்போது அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. ஜூலியா என்ற பேராசிரியை மொழி கற்றுக்கொடுக்கிறார். ஜூலியாவின் பதின்ம வயது மகள் வனெஸ்ஸாவுக்கு, திடீரென்று வீட்டுக்கு வந்துவிட்ட இந்த அழகான, பலசாலியான அக்காவைப் பார்த்தால் வியப்பும் பொறாமையும் சேர்ந்தே வருகின்றன.

வில்லன், போர்த் தெய்வம் ஏரிஸ். அமெரிக்காவையும் சோவியத் யூனியனையும் அணுவாயுதப் போருக்குத் தள்ள அவன் திட்டமிடுகிறான். வழக்கமான கதையாக இருந்தால் கடைசியில் ஓங்கி ஒரு குத்து விழும். இங்கே டயானா செய்வது வேறு. பொற்கயிற்றை அவன் மீது சுற்றுகிறாள். போர் நடந்தால் உலகில் ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள், அவனை வணங்கவும் ஆளிருக்காது என்ற உண்மையை அவனே பார்க்கிறான். பார்த்த பிறகு போரிட அவனுக்கு மனமில்லை.

இந்த இடத்தில் பேட்மேனையோ சூப்பர்மேனையோ வைத்துப் பாருங்கள். கதை நிற்காது. இரண்டாவது அளவுகோலில் இது முழு மதிப்பெண் பெறுகிறது.

பெரஸ் 1992 வரை, 62 இதழ்கள், இந்தத் தொடரோடு இருந்தார். 2022ல் அவர் மறைந்தபோது, வொண்டர் வுமனின் இரண்டாவது தந்தை என்று சொல்லும் அளவுக்குப் பெயர் பெற்றிருந்தார்.

பிறகு ஏன் அந்த இடம் கிடைக்கவில்லை?

"அப்போ பதில் கிடைச்சிடுச்சே?" என்றாள் தங்கை. அப்படித்தான் நானும் நினைத்தேன். ஆனால் 'இயர் ஒன்' என்ற பெயரைத் தெரிந்த அளவுக்கு இந்தப் பெயர் ஏன் பரவலாகத் தெரியவில்லை?

ஒரு காரணம் ஆண்டுக் கணக்கில் ஒளிந்திருக்கிறது. 'இயர் ஒன்' 1987ல் மாத இதழ்களாக வந்தது. 1988லேயே தனிப் புத்தகமாகிப் புத்தகக் கடைகளுக்கும் போய்விட்டது. சித்திரக்கதைகள் நூல் வடிவம் பெற்று நூலகங்களிலும் கடைகளிலும் இடம்பிடிக்கத் தொடங்கிய காலம் அது. அதே 1987ல் தொடங்கிய 'காட்ஸ் அண்ட் மார்ட்டல்ஸ்' தனிப் புத்தகமாக வந்தது 2004ல். நடுவே ஏறக்குறைய ஒரு தலைமுறை. அந்த ஆண்டுகளில் ஒரு மாணவர் நூலகத்துக்குப் போய்க் கேட்டிருந்தால், பேட்மேன் புத்தகம் அலமாரியில் இருந்திருக்கும். இது பழைய இதழ் சேகரிப்பாளரின் பெட்டியில் இருந்திருக்கும்.

ஒரு நூல் முத்திரை நூலாக, அது நன்றாக இருந்தால் மட்டும் போதாது. யாராவது அதை மறுபதிப்புச் செய்ய வேண்டும், அலமாரியில் வைக்க வேண்டும், அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். எதை மறுபதிப்புச் செய்வது என்ற முடிவு, எது விற்கும் என்ற கணிப்பைப் பொறுத்தது. பெண் நாயகி விற்கமாட்டாள் என்ற நினைப்பு இருந்தால் நூல் வராது. நூல் வராவிட்டால் வாசகர் வரமாட்டார். வாசகர் வராவிட்டால் அந்த நினைப்பு சரி என்றே தோன்றும்.

இரண்டாவது காரணம், திரும்பத் திரும்ப அழித்து எழுதுவது. பேட்மேனின் தொடக்கக் கதை எல்லாருக்கும் தெரியும்: சந்து, துப்பாக்கி, சிதறும் முத்துமாலை. யார் எழுதினாலும் அது மாறுவதில்லை. டயானாவின் பிறப்போ எழுத்தாளருக்கு எழுத்தாளர் மாறியது. 2011ல் பிரையன் அசரெல்லோவும் ஓவியர் கிளிஃப் சியாங்கும் களிமண் கதையைப் பொய் என்றாக்கி, அவளை ஸூஸ் தெய்வத்தின் மகளாக்கினார்கள். அந்தத் தொடர் விறுவிறுப்பானது. புதிய வாசகர்களை ஈர்த்தது. ஆனால் பெண்களே பெண்ணை உருவாக்கிய கதையில் ஒரு தந்தையை நுழைத்ததையும், அமேசான்களை இரக்கமற்றவர்களாகக் காட்டியதையும் பலர் ஏற்கவில்லை. 2017 திரைப்படம் களிமண், ஸூஸ் இரண்டையும் பயன்படுத்திக்கொண்டது.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு நாயகி உண்டு. ஜெர்சி சிட்டியில் வாழும் பாகிஸ்தானிய அமெரிக்கப் பதின்ம வயதுப் பெண் கமலா கான். 2014ல் 'மிஸ் மார்வெல்' ஆனாள். எழுதியவர் ஜி. வில்லோ வில்சன், வரைந்தவர் ஏட்ரியன் அல்ஃபோனா. முதல் தொகுப்பான 'நோ நார்மல்' 2015ல் ஹியூகோ விருது பெற்றது. கமலாவைத் தெரிந்துகொள்ள எதைப் படிப்பது என்று யாரும் தடுமாறுவதில்லை. நூல் வடிவமும் பெண் எழுத்தாளரும் வாசகர் கூட்டமும் தயாராக இருந்த காலத்தில் அவள் பிறந்தாள்.

பேட்மேனையே எதிர்த்து நிற்பவள்

தேடலின் மூன்றாம் நாள், நாங்கள் 'த ஹிக்கெட்டியா'வுக்கு வந்து சேர்ந்தோம். கிரெக் ரக்கா எழுதி, ஜே. ஜி. ஜோன்ஸ் வரைந்து 2002ல் வந்த தனி கிராஃபிக் நாவல். தொடர் எதையும் முன்பே படித்திருக்க வேண்டியதில்லை.

'ஹிக்கெட்டியா' என்பது பண்டைய கிரேக்கர்களின் அடைக்கல மரபு. ஒருவர் காலடியில் விழுந்து முறைப்படி அடைக்கலம் கேட்டால், ஏற்றவர் கடைசிவரை காக்க வேண்டும். தவறினால் பழிதீர்க்கும் தெய்வங்கள் விடமாட்டா. டேனியல் என்ற இளம்பெண் டயானாவின் வாசலில் வந்து அப்படி அடைக்கலம் கேட்கிறாள். டயானா ஏற்கிறாள். பிறகுதான் தெரிகிறது, அந்தப் பெண் கொலைகள் செய்திருக்கிறாள் என்பது. கொல்லப்பட்டவர்கள் அவளுடைய சகோதரியின் வாழ்க்கையைச் சீரழித்தவர்கள். அவளைத் துரத்தி வருபவர் பேட்மேன்.

சட்டம் ஒருபுறம். கொடுத்த வாக்கு மறுபுறம். பேட்மேன் தவறானவர் இல்லை. டேனியல் செய்தது சரியும் இல்லை. டயானா என்ன செய்வாள்? முடிவை நான் சொல்லப்போவதில்லை. படித்து முடித்தபின் என் தங்கை அரைமணி நேரம் என் செய்திக்குப் பதில் போடவில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

இதே ரக்கா 2005ல் எழுதிய ஒரு திருப்பமும் புகழ்பெற்றது. சூப்பர்மேனின் மனத்தைக் கட்டுப்படுத்தி ஏவிவிடும் மேக்ஸ்வெல் லார்டைக் கயிற்றில் கட்டி, இதை நிறுத்துவது எப்படி என்று டயானா கேட்கிறாள். அவனால் பொய் சொல்ல முடியாது. தன்னைக் கொல்வதே ஒரே வழி என்கிறான். அவள் கொன்றுவிடுகிறாள். மிகவும் வலுவான காட்சி. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் பல தொடர்களைப் படித்தால்தான் முழுதாகப் புரியும். முதல் அளவுகோலிலேயே விழுந்துவிடுகிறது.

தன்னையே கயிற்றால் கட்டிக்கொண்டவள்

2016ல் ரக்கா மீண்டும் தொடருக்குத் திரும்பினார். இந்த முறை அவர் செய்தது சுவையானது. தன் பிறப்பைப் பற்றிய கதை மாறிக்கொண்டே இருப்பதை டயானாவே உணர்கிறாள். களிமண்ணா, ஸூஸா, எது உண்மை? பொற்கயிற்றை எடுத்துத் தன் மீதே சுற்றிக்கொண்டு கேட்கிறாள்.

எழுபத்தைந்து ஆண்டுகளாக எழுத்தாளர்கள் செய்த குழப்பம் எல்லாம் ஒரே காட்சியில் அவளுடைய சொந்தத் துயரமாகிவிடுகிறது. அதன்பின் தொடர் இரண்டு தடங்களில் ஓடியது. ஓர் இதழில் லியம் ஷார்ப் வரைந்த 'த லைஸ்', நிகழ்காலத் தேடல். அடுத்த இதழில் நிக்கோலா ஸ்காட் வரைந்த 'இயர் ஒன்', அவள் தீவைவிட்டு வந்த கதை. தலைப்பைக் கவனித்தீர்களா? பேட்மேனுக்கு 1987ல் கிடைத்த பெயர் இவளுக்கு 2016ல் கிடைத்தது.

அந்த ஆண்டிலிருந்து அவளைச் சுற்றிப் புதிய முயற்சிகள் பெருகியிருக்கின்றன. கெல்லி சூ டெகானிக் எழுதிய 'வொண்டர் வுமன் ஹிஸ்டோரியா: த அமேசான்ஸ்' 2021ல் தொடங்கி மூன்று பாகங்களாக வந்தது. ஃபில் ஹிமெனெஸ், ஜீன் ஹா, நிக்கோலா ஸ்காட் ஆகியோர் ஆளுக்கொரு பாகம் வரைந்தார்கள். 2022ல் ஐஸ்னர் விருதும் கிடைத்தது. ஓவியத்தைப் பார்த்தே ஒரு மாலையைக் கழிக்கலாம். ஆனால் அது அமேசான்களின் கதை. டயானா இறுதிப் பகுதியில்தான் பிறக்கிறாள். 2024ல் கெல்லி தாம்சனும் ஹேடன் ஷெர்மனும் தொடங்கிய 'ஆப்சல்யூட் வொண்டர் வுமன்' கதையில், தீவும் தாயும் இல்லாமல், நரகத்தில் சூனியக்காரி சர்சியால் வளர்க்கப்படுகிறாள் டயானா. எல்லாவற்றையும் பறித்த பிறகும் அவள் இரக்கமுள்ளவளாகவே வளர்கிறாள் என்பதைத்தான் அந்தக் கதை காட்டுகிறது.

எங்கே தொடங்கலாம்?

தேடலின் முடிவில் நான் தங்கைக்கு அனுப்பிய பட்டியல் இதுதான். உங்களுக்கும் உதவலாம்.

ஒரே ஒரு நூல், ஒரே மாலை என்றால், 'த ஹிக்கெட்டியா'. வன்முறையும் கனமான விஷயங்களும் இருப்பதால் உயர்நிலை மேல் வகுப்புகளுக்கும் அதற்கு மேற்பட்டவர்களுக்கும் ஏற்றது.

அவள் யார், எங்கிருந்து வந்தாள் என்பதைப் பொறுமையாக அறிய விரும்பினால், பெரஸின் 'காட்ஸ் அண்ட் மார்ட்டல்ஸ்'. பக்கத்துக்குப் பக்கம் வசனம் அதிகம். முதல் இரு அத்தியாயங்களைத் தாண்டிவிட்டால் பிடித்துவிடும்.

திரைப்படம் பார்த்து ஆர்வம் வந்தவர்களுக்கு ரக்கா, ஸ்காட் படைத்த 'இயர் ஒன்'.

இன்று வெளிவரும் கதையைச் சுடச்சுடப் படிக்க விரும்புவோருக்கு 'ஆப்சல்யூட் வொண்டர் வுமன்'.

வாங்குவதற்கு முன் நூலகத்தின் இணையப் பட்டியலில் ஒருமுறை தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் நூலகரிடம் கேளுங்கள். ஒரு நூல் அலமாரிக்கு வருவதில் வாசகர் கேட்பதற்கும் பங்கு உண்டு.

என்னைக் கேட்டால், முத்திரைக் கதை என்ற நாற்காலியில் பெரஸின் நூலையே உட்காரவைப்பேன். எதிரியை அடித்து வீழ்த்தாமல் அவனுக்கு உண்மையைக் காட்டி வெல்லும் அந்த முடிவு, வேறு யாருக்கும் எழுத முடியாத முடிவு. அந்த நாற்காலி இத்தனை ஆண்டுகள் காலியாகத் தெரிந்ததற்குக் காரணம் கதை இல்லாமை அல்ல என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. இருந்த கதையை உரிய நேரத்தில் யாரும் கையில் கொடுக்கவில்லை.

தங்கை என் கருத்தை ஏற்கவில்லை. அவள் 'த ஹிக்கெட்டியா'வைத் தேர்ந்தெடுத்துவிட்டாள்.

"பெரஸ் புக்கு நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா அதுல அவ செஞ்சது சரின்னு எல்லாருக்கும் தெரியும். இதுல எனக்கே தெரியல. பத்து நிமிஷம் பேசணும்னா தெரியாததைப் பத்திப் பேசலாமே."

இலக்கிய வகுப்புக்கு இதைவிட நல்ல காரணம் வேண்டுமா? நான் வாதாடவில்லை.

வகுப்பில் பேசும் வரிசையில் பேட்மேனை எடுத்த மூவருக்கும் அடுத்ததாக இவள் பெயர் இருக்கிறதாம். முதல் படமாக அந்த நூலின் அட்டையைத் திரையில் போடப்போகிறாள். அதில் தரையில் கிடக்கும் பேட்மேனின் தலைமீது வொண்டர் வுமனின் காலணி பதிந்திருக்கிறது.

"அதுக்கப்புறம் யாரும் தூங்க மாட்டாங்கக்கா," என்றாள்.